கொஞ்சம் பொறுத்தால் ஏறும்

சரவணமுத்தரின் லொறி வருகிறது என்று விடத்தல்தீவில் யாரும் சத்தத்தை வைத்துச் சொல்வதில்லை. புகையை வைத்துத்தான் சொல்வார்கள். பாப்பாமோட்டைப் பக்கத்து றோட்டில் நீலமாக ஒரு புகை எழும்பினால், "முத்தர் வாறார், இனி நுளம்புக்கு மருந்தடிக்கத் தேவையில்லை" என்று கடை வாங்குப் பலகையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிவந்த சனத்துக்குச் சிரிக்க வேறு அதிகம் இருக்கவில்லை. ஆகவே அந்த லொறியைக் கொஞ்சம் கூடுதலாகவே பகிடி பண்ணினார்கள். முன் சீற்றில் அவருடைய மனைவி அன்னப்பிள்ளை இருப்பதைக் கண்டதும் மட்டும் சிரிப்பு அடங்கிவிடும்.

ஆவணி பிறந்தும் சோளகக் காற்று விட்டபாடில்லை. கண்டல் காட்டைத் தாண்டி வந்த காற்று உப்பையும் மண்ணையும் அள்ளி ஜுனைதீனின் கராஜுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கராஜ் என்பது பேருக்குத்தான். ஆறு தகரம், நாலு பனங்குற்றி, காற்றை மறைக்க நிவாரணத்துக்குக் கொடுத்த ஒரு படங்கு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது போன மனிதர் அவர். புத்தளத்தில் உப்பு லொறிகளுக்குக் கீழே இருபது வருசம் படுத்து எழும்பிவிட்டு, போன வருசம்தான் மனைவி சபூராவோடு திரும்பி வந்தார். பிள்ளைகள் வரவில்லை. "கரண்டும் இல்லாத ஊருக்கு ஏன் வாப்பா?" என்று கேட்டார்கள். அவர் வந்து, பழைய கராஜ் இருந்த அதே இடத்தில் தகரத்தை நட்டார்.

லொறி வந்து நின்றது. சரவணமுத்தர் இறங்கினார். அறுபதைத் தாண்டிய மனிதர், வெய்யிலில் காய்ந்து பனங்கிழங்கு போல ஆகியிருந்தார். அன்னப்பிள்ளை இறங்கவில்லை. லொறி போகிற இடமெல்லாம் அவளும் போவாள், ஆனால் ஓட்டுகிற மனிதரோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். மூன்று வருசமாகப் பேச்சில்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள், சொல்ல வேண்டியதை யாரையாவது நடுவில் வைத்துச் சொல்வாள்.

"ஜுனைதீன் நானா, காலமை ஏதும் திண்டவரோ எண்டு லொறிக்காரரிட்டக் கேளுங்கோ."

"திண்டனான் எண்டு சொல்லு" என்றார் சரவணமுத்தர், லொறியின் சில்லைப் பார்த்துக்கொண்டு.

இடையில் இரண்டடி தூரம்கூட இல்லை. ஜுனைதீன் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரனாக நின்றார்.

"மூண்டு கராஜில காட்டிப்போட்டன்" என்று சரவணமுத்தர் தொடங்கினார். "போன வருசம்தான் சண்டை நடந்த இடத்து வாகனக் குவியலுக்க இருந்து இதைத் திரும்ப எடுத்தனான். வவுனியாவில கீழ்வேலை முழுக்கச் செய்தாச்சு. பிஸ்டன் ரிங் புதுசு, பெயாரிங் புதுசு. ஆரிட்டக் கேட்டாலும் ரிங் ரிங் எண்டுதான் சொல்லுறாங்கள். மாத்தின பிறகும் எண்ணெய் குடிக்கிறதை விடேல்லை. சிறுபோக நெல்லு வெட்டிக் கிடக்கு, ஏத்த ஏலாமல் கிடக்கு."

"நான் ஊரில இருந்து பாக்கேக்க இது புகைக்கிறேல்லையே, முத்தண்ணை."

"உன்ர கையை விட்டுப் போன பிறகுதான் தொடங்கினது. அண்டையில இருந்து ஒருத்தனுக்கும் பிடிபடேல்லை."

கேட்க ஜுனைதீனுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒரே ஒரு நாள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

எஞ்சினை ஸ்ராட் பண்ணச் சொன்னார். எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, வாயில் உள்ளங்கையை வைத்தார். கை சும்மா இருந்தது. பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாய்க்கு நேரே கையை நீட்டினார். திருப்பிப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாக எண்ணெய்ப் பொட்டு.

"ரிங் போயிருந்தால் மூடி வாயால மூச்சு விடும். இது விடேல்லை. எண்ணெய் கீழ இருந்து ஏறேல்லை, முத்தண்ணை. மேல இருந்து இறங்குது. எப்ப கூடப் புகைக்கும்?"

"வெறுமையா ஓடினால் குறைவு. பாரம் ஏத்தி நாலு கட்டை தூரம் ஓடினால் பின்னுக்கு வாறவனுக்குக் கண் தெரியாது."

"எண்ணெய் அளக்கிற கம்பியை எப்ப பாக்கிறனியள்? காலமையோ, ஓடி நிப்பாட்டினவுடனையோ?"

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். சரவணமுத்தர் நிழலில் கிடந்த டயரில் போய் இருந்தார். முன் சீற்றிலிருந்து அன்னப்பிள்ளை முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

"அதைத்தான் நானும் கேட்டனான்" என்றார் சரவணமுத்தர். "அகிலனிட்டக் கேட்டனான்."

அகிலன் அவர்களுடைய ஒரே பிள்ளை. இல்லையென்று மட்டும் ஜுனைதீனுக்குத் தெரியும். எப்படியென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இந்தப் பக்கத்தில் அப்படிக் கேட்டால், ஒவ்வொரு வீட்டு வளவிலும் நின்று கேட்கவேண்டி வரும்.

"இரணைப்பாலை றோட்டு. கடைசிச் சண்டை நடந்த மாசி மாசம். பின்னுக்கு எங்கட சனம் இருபத்தாறு பேர், மூட்டை முடிச்சு, ஒரு பசுக்கண்டு. அவன்தான் ஓடினவன். புகையெண்டால் அப்பிடிப் புகை. திடீரெண்டு எஞ்சின் கீழ தட்டத் தொடங்கிச்சு, நிப்பாட்டிப்போட்டான். நான் இறங்கிக் கம்பியை இழுத்தன். காய்ஞ்சு கிடக்கு. காலமை எண்ணெய் பாத்தியோடா எண்டன். பாத்தனான் அப்பா, நிறைய நிண்டது எண்டான். அந்த நேரம் எண்ணெய் எண்டால் தங்கம், ஜுனைதீன். பழைய எண்ணெயைத் துணியில வடிச்சு வடிச்சு ஊத்தின காலம். நிறைய நிண்டது எங்கையடா போச்சு, எனக்குப் பொய்யோ சொல்லுறாய் எண்டன். கொஞ்சம் பொறுங்கோ அப்பா, கொஞ்சம் பொறுத்தால் ஏறும் எண்டான்."

அவர் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு அது நக்கல் மாதிரிக் கிடந்தது. எண்ணெய் தானா ஏறுமோ? இருபத்தாறு சனத்துக்கு முன்னால, இருபத்திரண்டு வயசுப் பிள்ளையை, இந்தக் கையால கன்னத்தைப் பொத்தி அடிச்சுப்போட்டன். அதுக்குள்ள செல் வரத் தொடங்கிட்டுது. எல்லாரும் குதிச்சு வாய்க்காலுக்க ஓடினம். தாய் கூப்பிட்டவ. 'வாறன் அம்மா, கம்பியை இன்னொருக்காப் பாத்திட்டு வாறன்' எண்டான்."

காற்றில் படங்கு அடித்துக்கொண்டது.

"லொறிக்கு ஒண்டுமில்லை. முன் கண்ணாடியும் ரெண்டு டயரும்தான்."

தேத்தண்ணியோடு வந்த சபூரா கராஜை ஒட்டிய குசினி வாசலில் நின்றுவிட்டாள். சரவணமுத்தர் நிமிர்ந்து ஜுனைதீனைப் பார்த்தார்.

"ஓடாட்டிலும் பரவாயில்லை. அவன் பொய் சொன்னவனோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். நீ இந்த லொறியை அது பிறந்ததில இருந்து பாத்தவன்."

"நானா" என்றாள் அன்னப்பிள்ளை சீற்றிலிருந்து. "என்ர பிள்ளை பொய் சொல்லாது எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். நான் சொன்னதை நம்பாதவருக்கு இரும்பு சொல்லட்டும்."

அன்று பின்னேரம் பாப்பாமோட்டையிலிருந்து ட்ரக்டரில் நெல் வந்தது. மூட்டைகளை லொறி நிறைய அடுக்கினார்கள். பின்பக்கம் அமர்ந்து, லொறி மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. வெறும் லொறியை வைத்துக்கொண்டு நோய் பார்ப்பது, பசியோடு இருப்பவனிடம் சாப்பாடு செமிக்குதா என்று கேட்பது போல என்று ஜுனைதீன் சொல்வார்.

விடிய வந்து பார்த்தபோது கம்பியில் எண்ணெய் மேல் கோடு வரை நின்றது. அதைச் சரவணமுத்தரின் கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பிறகு அன்னப்பிள்ளையோடு மூவருமாக இலுப்பைக்கடவைப் பக்கம் போய்த் திரும்பினார்கள். வழி நெடுகப் புகை. கராஜில் நிறுத்தியதும் ஜுனைதீன் கம்பியைத் துடைத்து விட்டு இழுத்தார். நுனியில் ஒரு துளி, அவ்வளவுதான்.

"நிலத்தில ஒரு சொட்டும் சிந்தேல்லை. கொஞ்சம் எரிஞ்சிருக்கும், ஓம். ஆனால் இவ்வளவும் எரிய ஏலாது. இனிப் பொறுங்கோ."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவருக்கு உறைத்தது.

பொறுத்தார்கள். சபூரா ரொட்டியும் சூடைமீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தாள். "அன்னம் அக்கா, இறங்கி வந்து ஒரு வாய் தின்னுங்கோ" என்று கூப்பிட்டாள். அன்னப்பிள்ளை இறங்கி வந்து சபூராவோடு பாயில் இருந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள், வாயில் வைக்கவில்லை. கால்மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஜுனைதீன் எழும்பிக் கம்பியை இழுத்தார். முதல் முறை நுனி நனைந்திருந்தது. இரண்டாம் முறை ஒரு விரற்கடை. மூன்றாம் முறை கீழ்க் கோட்டைத் தொட்டது. வெய்யில் உச்சிக்கு வந்தபோது கோட்டைத் தாண்டி நின்றது. யாரும் ஒரு சிரட்டை எண்ணெய்கூட ஊற்றவில்லை.

"முத்தண்ணை, வந்து பாருங்கோ."

சரவணமுத்தர் வந்து பார்த்தார். கம்பியைக் கையில் வாங்கி, சாரத்தில் துடைத்து, தானே விட்டு, தானே இழுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"ஏறுது" என்றார். "ஏறுதடா."

அந்த வயதில் ஒரு ஆண் வாய்விட்டு அழுவதைப் பார்க்க ஏலாது. ஜுனைதீன் லொறியின் மறுபக்கம் போய் நின்றார். அன்னப்பிள்ளை அழவில்லை. பாயில் இருந்தபடி, "அதைத்தானே பிள்ளை சொன்னது" என்று சபூராவிடம் சொன்னாள். ஒரு தரம்தான் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். தகப்பன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. ஆனால் மெக்கானிக்கின் மனம் அப்படிப்பட்டதல்ல, எண்ணெய் ஏன் மேலே நிற்கிறது என்று காணாமல் அதற்கு நித்திரை வராது. ஜுனைதீன் படங்கை எஞ்சினைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்து, எஞ்சின் தலையின் மூடியைக் கழற்றினார்.

பம்ப் மேலே அனுப்புகிற எண்ணெய், வேலையை முடித்துவிட்டு முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு துளையால் கீழே இறங்கவேண்டும். இங்கே பின்பக்கம் குளம் மாதிரி எண்ணெய் தேங்கி நின்றது. உறிஞ்சி எடுத்துவிட்டு முன்துளையில் ஒரு கோப்பை டீசல் ஊற்றினார். கரி பிடித்து ஒடுங்கியிருந்தாலும், மெல்ல மெல்ல இறங்கியது. பின்துளையில் ஊற்றினார். அசையாமல் நின்றது. பாரம் ஏற்றி லொறி பின்னுக்குச் சாய்ந்தால் எண்ணெயெல்லாம் இங்கேதான் வரும். இறங்க வழி இல்லை, வால்வுப் பக்கமாக எஞ்சினுக்குள் போய்ப் புகையும். நிறுத்தி வைத்தால் மிச்சம் முன்துளையால் மெதுவாக வடிந்து சேரும். இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர் இந்த மூடியைத் திறந்திருப்பார்கள். கறுப்பு எண்ணெய்க்குக் கீழே கிடக்கிற துளைக்குள் கம்பி விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டார். கரி என்றால் நறநறக்கும். இது மெதுமெதுவென்று இருந்தது. கொளுவி இழுத்தார். சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக, இறுகிப்போன ஒரு சுருள் வந்தது. டீசலில் கழுவினார். சுற்றியிருந்த நூல் வெளித்தது. நீல நைலோன் வலைநூல்.

ஜுனைதீன் அதன் முடிச்சைத் தேடித் தடவிப் பார்த்தார்.

தலையைத் திறந்து வேலை செய்யும்போது நட்டோ மண்ணோ துளைக்குள் விழாமல் துணியால் அடைப்பது எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் பழஞ்சாரத் துண்டைச் சுருட்டி, வலைநூலால் வரிந்து, ஒரு சாண் நூலை வாலாக வெளியே தொங்கவிடுகிறவர் இந்தக் கரையில் அவர் ஒருத்தர்தான். மறதிக்கு வால் வேண்டும் என்பார்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் அந்த நாள் காலையில் இதே லொறியின் தலை திறந்துதான் கிடந்தது. வால்வு சரிபார்த்து முடித்து முன் அடைப்பை எடுத்துவிட்டார். பின் அடைப்பை எடுக்கக் குனிந்தபோது றோட்டில் ஸ்பீக்கர் கேட்டது. இரண்டு மணிக்கு முதல் முஸ்லிம் சனம் முழுக்க வெளிக்கிட வேண்டும். ஸ்பனரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினவர்தான். மத்தியானம் வாசலில் இதே லொறி வந்து நின்றது. மூடியைத் தானே பூட்டிக்கொண்டு சரவணமுத்தர் வந்திருந்தார். "ஏறுங்கோ" என்றார். சபூரா, மகன் ஜெஸீம், கைக்குழந்தை றுஷ்தா, அயலில் நாலு குடும்பம். இதற்கு மேல் போக விடமாட்டோம் என்று இயக்கம் மறித்த இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். தகப்பனோடு வர அடம்பிடித்து ஏறிய மூன்று வயது அகிலன், வழி நெடுகச் சபூராவின் மடியில் நித்திரையாகக் கிடந்தான்.

படங்குக்குள் வியர்த்து ஒழுகியது. கரி அடைத்திருந்தது என்று சொல்லிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. வாய்வரை வந்த சொல்லை அவர் விழுங்கினார். அந்தக் கடைசி வருசங்களில் எண்ணெய் வடித்ததும் மாற்றியதும் பார்த்ததும் அகிலன். கரி என்றால் அதுவும் அந்தப் பிள்ளையின் தலையில்தான் போய் விழும். பொய்யன் என்ற பேரைக் கழற்றிவிட்டுக் கவனமில்லாதவன் என்ற பேரைப் பூட்டுவதா? யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன கிடந்தது?" என்றார் சரவணமுத்தர்.

ஜுனைதீன் உள்ளங்கையை விரித்தார். "துணி. நான் வச்ச துணி, முத்தண்ணை. நாங்கள் போன அண்டைக்கு எடுக்க மறந்துபோனன். அண்டையில இருந்து இதுதான் புகைச்சிருக்கு. எல்லாம் என்னாலதான். உங்கட பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

சரவணமுத்தர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலின் நுனியில் பெருவிரலை வைத்துத் தடவினார். நுனி நேராக இருந்தது. கத்தியால் அறுத்த நூல்தான் அப்படி இருக்கும்.

"நீ மறக்கேல்லை" என்றார் கடைசியில். "வால் விட்டிருந்தனீ. நான் மூடி பூட்டேக்க நீல நூல் ஒண்டு வெளிய நிண்டது. மூடி சரியா இருக்கவிடேல்லை. இது என்ன கோதாரி நூல் எண்டு கத்தியால அறுத்து உள்ள தள்ளிப்போட்டன். அந்த நேரத்தில நூலை ஆர் பாத்தது? ரெண்டு மணிக்கு முதல் உங்களை ஏத்தவேணும். உன்ர பிள்ளையள் றோட்டில நிண்டதுகள்."

"எங்களுக்காகத்தானே அண்ணை..." என்றார் ஜுனைதீன்.

சபூரா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "எங்களை நடந்து போக விட்டிருக்கலாமே, அன்னம் அக்கா. எல்லாச் சனத்தையும் போல நாங்களும் நடந்து போயிருப்பமே."

"கைக்குழந்தையோட நடந்தோ?" என்றாள் அன்னப்பிள்ளை. குரல் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. "விசர்க்கதை கதையாதை, சபூரா. இன்னொருக்கா அப்பிடி வந்தாலும் ஏத்தத்தான் வேணும்."

அவள் போய்ச் சரவணமுத்தரின் கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். தொடவில்லை. திரும்பி வந்து பாயில் இருந்துகொண்டாள்.

ஜுனைதீன் இரண்டு துளையையும் சுரண்டிக் கழுவி, டீசல் தண்ணீராய் ஓடுமட்டும் ஊற்றிப் பார்த்து, மூடியைப் பூட்டினார். புது எண்ணெய் விட்டார். அதே பாரத்தோடு அதே றோட்டில் போய்த் திரும்பினார்கள். பழைய எண்ணெய்க் கறை எரிந்து முடியும்வரை முதலில் கொஞ்சம் புகைத்தது. திரும்பி வரும்போது பின்னால் றோட்டு துப்புரவாகத் தெரிந்தது. கடை வாங்கில் இருந்தவர்கள் எழும்பிப் பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

கராஜில் எஞ்சினை நிறுத்தாமல் விட்டுவிட்டுச் சரவணமுத்தர் இறங்கிப் பின்னால் போனார். ஜுனைதீன் செய்தது போலவே புகைக்குழாய்க்கு நேரே கையை நீட்டினார். வலது கை. திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டும் இல்லை. மறுபடியும் நீட்டினார், இன்னும் கிட்ட. கம்பியைப் பார்த்திட்டு வாறன் என்றவனுக்கு இந்தக் கையைக் காட்டலாம் என்று நினைத்தாரோ என்னவோ, எடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றார். ஓடி வந்த எஞ்சினின் குழாயிலிருந்து வந்த காற்று நெருப்பாக இருந்தது. உள்ளங்கை சிவந்துகொண்டு வந்தது.

"அண்ணை, பாத்தது காணும்" என்று ஜுனைதீன் கிட்டப் போனார்.

அதற்கு முதல் முன் கதவு திறந்தது. அன்னப்பிள்ளை இறங்கி, ஜுனைதீனைத் தாண்டி, வாசலில் நின்ற சபூராவையும் தாண்டி வந்து, சரவணமுத்தரின் முன்னால் நின்றாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"கையை எடுங்கோ" என்றாள். "சுடும்."